எட்டாவது காந்தம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பிழைப்போ உட்கார்ந்தே பார்க்கிற பிழைப்பு. ராஜபாளையத்து நூல் மில்களில் கெட்டுப்போகிற எலக்ட்ரானிக் போர்டுகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துச் சரிசெய்து கொடுக்கிறேன். மேசை முன்னால் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் போர்டு நழுவும். போர்டு நழுவினால் எனக்குக் கோபம் வரும், எழுந்து தெருமுனை வரை போய்விட்டுத்தான் திரும்புவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படிப் போகிறேன் என்று எதிர்வீட்டு டீச்சரைக் கேட்டால் சரியாகச் சொல்லுவார்.

இந்த வேலைக்கு மூன்று கை வேண்டும். சால்டரிங் அயர்னைப் பிடிக்க ஒன்று, ஈயக் கம்பியைப் பிடிக்க ஒன்று, போர்டைப் பிடிக்க ஒன்று. இரண்டுதான் இருக்கிறது என்பதால் ஈயக் கம்பியைப் பல வருடம் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். என் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"சோறு போட்டாத் திங்க மாட்டீக. ஈயத்த மட்டும் நல்லாக் கடிச்சுத் தின்னுங்க" என்பாள்.

அவள் ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம், சோழபுரம் போகிற வழியில் இருக்கிற ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். நானும் அங்கே ஃபிட்டராக இருந்தவன்தான். மேஸ்திரியோடு வாய்த் தகராறு முற்றி, ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்தவன் பிறகு அந்தப் பக்கம் வேலைக்குப் போகவில்லை. அவள் மட்டும் விடாமல் அங்கேயே இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

போர்டைப் பிடிக்க முதலில் ஒரு சின்ன வைஸ் வாங்கினேன். மேசை விளிம்பில் மாட்டித் திருகுகிற சாதனம். எதையும் நான் அளவாகத் திருகியது கிடையாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கி, ஒரு மில்லின் நல்ல போர்டை நடுவில் விரிசல் விட வைத்தேன். அன்றைக்கே வைஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு, நாமே ஒன்று செய்தால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன். புதிதாக ஒன்றைச் செய்யலாம் என்று தோன்றிவிட்டால் பிறகு எனக்குப் பழைய வேலை எதுவும் கண்ணில் படாது. இது என் பிறவிக் குணம், இதற்கு மருந்து கிடையாது.

துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கொடியிலிருந்து உருவி, அடியில் காந்தம் ஒட்டி, இரும்புத் தகட்டின் மேல் நிறுத்திப் பார்த்தேன். போர்டை அழகாகக் கவ்வியது. அயர்ன் லேசாகப் பட்டதும் கிளிப்பின் மூக்கு உருகி வழிந்தது. அவள் நனைந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளிப்பைத் தேடியபோது நான் தெருமுனைக்குப் போய்விட்டேன்.

அப்புறம் யோசித்துப் பித்தளைக்கு வந்தேன். போர்டுகளைப் பெட்டிக்குள் தூக்கி நிறுத்த விரல் நீளத்தில் பித்தளைக் குச்சிகள் இருக்கும், உள்ளே மரை போட்டிருக்கும். பழைய பெட்டிகளைப் பிரித்து எட்டுக் குச்சி எடுத்தேன். பித்தளையைக் காந்தம் இழுக்காது, வேலை செய்கிற இடத்தில் தொந்தரவு கொடுக்காது. காந்தத்துக்கு முதலில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிளந்தேன். அதிலிருந்து வந்த இரண்டு காந்தமும் பாய்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்த வேகத்தில் என் கட்டைவிரல் தோல் நடுவில் மாட்டி ரத்தம் கட்டிவிட்டது. அவ்வளவு முரடு வேண்டாம் என்று, சட்டைப் பொத்தான் அளவில் வட்டக் காந்தம் எட்டு கூரியரில் வரவழைத்தேன். இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டுகிற பசையால் குச்சிக்கு ஒன்றாக அடியில் ஒட்டினேன். குச்சியின் தலையில் ஒரு திருகும் இரண்டு வாஷரும். அந்த வாஷர்களுக்கு நடுவில் போர்டின் விளிம்பைக் கொடுத்து லேசாகத் திருகினால் போதும். அடியில் வைக்க, கிரில் பட்டறையில் வாங்கிய கனமான இரும்புத் தகடு. போர்டு எந்த அளவில் இருந்தாலும் குச்சிகளை நகர்த்தி நான்கு மூலையிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்பதற்கு அரை நாள் வேலை மாதிரி இருக்கும். எனக்கு மூன்று வாரம் ஆனது. குச்சியின் உயரம் பிடிக்காமல் அறுத்தேன், அறுத்தது கோணலாக இருக்கிறது என்று அரம் போட்டேன், தகட்டுக்குப் பெயின்ட் அடித்தேன், அந்த நிறம் கண்ணைக் குத்துகிறது என்று சுரண்டினேன். அலமாரியில் மில் போர்டுகள் அடுக்கடுக்காகக் காத்துக்கிடந்தன. தொலைபேசியில் கேட்டவர்களுக்கெல்லாம் "நாளைக்கு" என்றேன். அவசரம் என்று கத்தியவர்களுடையதை மட்டும் எடுத்துப் பார்த்தேன்.

அப்படி அவசரமாக வந்த ஒன்று என் மனைவியின் மில்லிலிருந்தே வந்தது. அவளுடைய சாப்பாட்டுக் கூடையில் அங்கிருக்கும் ஃபிட்டர் கொடுத்துவிட்டிருந்தார். அவள் பார்ப்பது டிராயிங் மிஷின். பஞ்சுத் திரிகளை வேகமாகச் சுழலும் ரோலர்கள் இழுத்து மெலிதாக்கும். சில சமயம் பஞ்சு ரோலரிலேயே சுற்றிக்கொள்ளும். மேல்மூடியைத் தூக்கி, சுற்றின பஞ்சைப் பிய்த்து எடுத்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். மூடியைத் தூக்கியதும் மிஷின் தானாக நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சோடு விரலும் உள்ளே போகும். அதற்காக மூடியில் ஒரு காந்தமும் மிஷின் உடம்பில் ஒரு சென்சாரும் வைத்திருக்கிறார்கள். காந்தம் கிட்டே இருந்தால் மூடி மூடியிருக்கிறது என்று அர்த்தம். விலகினால் திறந்திருக்கிறது, ஓடாதே என்று அர்த்தம். அந்தச் சென்சாரும் அதன் போர்டும்தான் கூடையில் வந்திருந்தன.

சனிக்கிழமை காலை என் புதுக் கிளாம்பில் போர்டை நிறுத்தி, சென்சாரைப் பக்கத்தில் வைத்து, கரண்ட் கொடுத்தேன். மூடி மூடியிருக்கிறது என்று பச்சை விளக்கு எரிந்தது. மூடியின் காந்தமோ மில்லில் இருக்கிறது. காந்தமே இல்லாமல் எப்படி எரியும்? ஒரு ஐசியை மாற்றினேன், எரிந்தது. இன்னொன்றை மாற்றினேன், எரிந்தது. வயரை அறுத்து ஒட்டினேன். போர்டு செய்த கம்பெனிக்காரனைத் திட்டினேன், மில்லைத் திட்டினேன், காலையில் தோசையைக் கருக்கியதற்காக அடுப்பைக்கூடத் திட்டினேன். நான்கு தடவை தெருமுனைக்குப் போய்வந்தேன். மத்தியானம் சலித்துப்போய் ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்தபோது பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

என் கிளாம்பின் காந்தம்தான் அரை நாளாகச் சென்சாரை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எறிந்த வேகத்தில் குச்சியிலிருந்து காந்தம் பிய்ந்து தரையில் உருண்டது. எடுத்து ஒரு டப்பா மூடியில் போட்டுவிட்டு, நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

அவள் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இங்க வா, ஒரு கூத்து பாரு" என்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் பச்சை, தள்ளினால் சிவப்பு.

"ஒம் மிஷினுக்குக் கண்ணா இருக்கு? இத இங்க ஒட்டி வச்சிட்டா, மூடி தொறந்து கெடந்தாலும் மூடியிருக்குன்னு நம்பி ஓடிக்கிட்டே இருக்கும்."

வழக்கமாக நான் போர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அன்றைக்கு நின்று கேட்டாள்.

"பெரிய காந்தம் வேணுமோ?"

"இந்தப் பொத்தான் அளவு போதும்."

"எந்த எடத்துல வைக்கணும்?"

இந்த இடத்தில், இந்தப் பக்கமாக என்று விரலை வைத்துக் காட்டினேன். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக என் தொழிலைப் பற்றி இவ்வளவு கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு தடவை செய்து காட்டினேன். அவளையும் ஒரு தடவை செய்யச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, சரியாகிவிட்ட போர்டும் சென்சாரும் அவள் கூடையில் மில்லுக்குத் திரும்பிப் போயின. வியாழக்கிழமை காலை பெரிய போர்டு ஒன்று கையில் எடுத்தேன். எட்டுக் குச்சியும் வேண்டியிருந்தது. பிய்ந்துபோன காந்தத்தை ஒட்டிவிடலாம் என்று பசையைக் கலந்துவிட்டு டப்பா மூடியைப் பார்த்தால், காந்தம் இல்லை.

முதலில் அலட்சியமாகத்தான் தேடினேன். மேசைக்கு அடியில், திருப்புளிகளின் முனையில், ஜன்னல் கம்பியில், கட்டில் காலில். காந்தம் சும்மா கிடக்காது, இரும்பைக் கண்டால் தாவி ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை அந்த டப்பா மூடிக்குப் பக்கத்தில் இரும்பாக என்ன இருந்தது என்று யோசித்தேன். அந்தச் சென்சார். அதை மிஷினில் மாட்டுவதற்கான இரும்புப் பட்டை அதோடுதான் இருந்தது. நான் அவசரத்தில் அதை அப்படியே அள்ளிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். திருப்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டு காந்தம் போயிருந்தால், திங்கட்கிழமையிலிருந்து அந்த மிஷின் மூடியைத் திறந்தாலும் நிற்காது. நின்றுவிடும் என்று நம்பி அவள் கையை விடுவாள்.

நான் அந்த மில்லில் இருந்த காலத்தில் ஒருவருடைய கையை ரோலரிலிருந்து எடுத்திருக்கிறோம். துண்டைச் சுற்றிப் பிடித்தது நான்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியாது.

அவளுக்குப் போன் போட முடியாது. உள்ளே போகும்போதே போனை வாங்கி கேட்டில் பூட்டி வைத்துவிடுவார்கள். ஃபிட்டருக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. நான்கு தடவை போட்டேன். கலந்து வைத்த பசை அப்படியே கெட்டியானது. கதவைப் பூட்டினேனா என்று தெரியாமல் பைக்கை எடுத்தேன்.

மடவார்வளாகம் தாண்டியதும் ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டேன். அது கைகாட்டிய இடத்திலெல்லாம் நின்று, ஆளை ஏற்றி, சில்லறை பேசி, ஆடி அசைந்து போனது. முந்த வழியில்லாமல் எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. நான் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனேன். மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்த சமயம், காற்றில் ஈரமே இல்லை, உதடு காய்ந்து வெடித்தது. இதுவரைக்கும் மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லையே, அப்படியென்றால் ஒட்டியிருக்காது என்று ஒரு மனசு சொன்னது. மூன்று நாள் ஆகாதது இந்த நிமிஷம் ஆகாதா என்று இன்னொன்று கேட்டது. பஞ்சு மார்க்கெட் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் என்னையே பார்த்தார். நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"யாரப் பாக்கணும்?"

என் மனைவி பெயரைச் சொன்னேன்.

"என்ன விசயமா?"

"அவ மிஷின்ல ஒரு காந்தம் ஒட்டியிருக்கு. எடுக்கணும்."

பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காந்தமா?"

"பொத்தான் மாதிரி சின்னக் காந்தம்."

"அதுக்கா இம்புட்டு வேத்து ஊத்துது? சூப்பர்வைசர் சாப்புடப் போயிருக்காரு. செத்த நேரம் உக்காருங்க, வரட்டும்."

உட்காரச் சொல்ல அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே நடந்தேன். "என்னய்யா, சந்தையில கட்டுன காள மாதிரி நடக்கீரு" என்றார். திருப்பிக் கத்த வாய் வந்தது. கத்தினால் உள்ளே விடமாட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நல்லவேளை, ஃபிட்டர் டீக்குடிக்க வெளியே வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பதறவில்லையே இவர் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே இரைச்சலும் சூடும். காற்றில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. வரிசைக் கடைசியில் அவள் மிஷின். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். மூடி திறந்திருந்தது. ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற ரோலரிலிருந்து அவள் விரலால் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். ஃபிட்டர் என் மார்பில் கையை வைத்து நிறுத்தினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள். திரும்பினால் கை நழுவும். ஓடிப்போய் மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்கலாம் என்றால் அது அவளைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது, நிழல் பட்டாலும் திரும்புவாள். அவளாகக் கையை எடுக்கிறவரை நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நின்றேன். ஐந்தடி தூரத்தில், காலை ஆட்டாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன். அவள் விரல் உள்ளே போனது, வந்தது, மறுபடி போனது. ஒரு கொத்துப் பஞ்சு வந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போலிருக்கிறது, மறுபடி விட்டாள். என் ஆயுளில் நான் அசையாமல் நின்றது அந்த நேரம் மட்டும்தான். எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கடைசியில் கையை எடுத்து, மூடியை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தாண்டி ஓடிச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். மிஷின் நின்றது. குனிந்து சென்சாரைப் பார்த்தேன். என் காந்தம் அங்கே இருந்தது.

சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. நான் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில், அதே பக்கமாக, மேலே நீல இன்சுலேஷன் டேப் மூன்று சுற்றுச் சுற்றி இருந்தது. டேப்பும் என் மேசையில் இருந்ததுதான்.

நான் ஃபிட்டரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பக்கத்து மிஷினில் இருந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சிரித்த முகமாகக் கேட்டாள்.

"அண்ணே, எங்களுக்கும் ஆளுக்கொண்ணு வேணும்னு அக்காகிட்டச் சொல்லியிருந்தமே, கொண்டாந்தீகளா?"

டேப்பைப் பிய்த்துக் காந்தத்தைப் பையில் போட்டேன். அதற்குள் என் வாயிலிருந்து என்னென்னவோ வந்துவிட்டது. இரைச்சலில் பாதி யாருக்கும் கேட்டிருக்காது. என் மனைவிக்குக் கேட்டது.

"இங்க வச்சுக் கத்தாதீக" என்றாள். "ஷிப்ட் முடியப் போகுது. வெளிய நில்லுங்க, வாரேன்."

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பியதும் ஆரம்பித்தேன். நீ என்ன சின்னப் பிள்ளையா, கை போனால் யார் தருவார்கள், நான் வேடிக்கைக்குக் காட்டியதைத் திருடிக்கொண்டு போய் மிஷினில் கட்டுவாயா. ராஜபாளையம் ஊருக்குள் வருகிறவரை விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேசினாள்.

"ஒவ்வொரு தடவ மூடியத் தொறக்கையிலயும் மிஷினு நிக்குது. எத்தன தடவ நின்னுச்சுன்னு ஸ்கிரீன்ல விழுது. ஷிப்ட் முடியையில சூப்பர்வைசரு எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சு வாசிக்காரு. கூடுதலா நின்னா மிஷின வாங்கிட்டு, கழிவுப் பஞ்சு பெறக்க அனுப்பிருவாக. பதினஞ்சு வருசமா ஓட்டுன மிஷினு. நான் போயி கழிவு பெறக்கவா?"

"முன்னாலயும் பஞ்சு சுத்தத்தான செஞ்சது? அப்பல்லாம் காந்தம் கேட்டியா?"

"முன்னால நாளைக்கு நாலு தடவ சுத்தும். இப்ப மணிக்குப் பத்துத் தடவ சுத்துதுல்லா."

"ஏன் சுத்துது?"

"ஈரக் காத்து இல்ல. மேலேர்ந்து ஈரக் காத்து விடுற பிளாண்டு நின்னு மூணு வாரமாச்சு. உள்ள காஞ்சு கெடக்கு. காஞ்சா பஞ்சு ரோலர விடாது, அப்பிக்கிடும்."

"அதச் சரிபண்ண வேண்டியதுதான?"

"அதோட பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்காம். பஞ்சு மார்க்கெட் பக்கத்துல எலக்ட்ரிக் கடையில குடுத்தாகளாம், கடைக்காரர் எங்கயோ குடுத்து விட்டிருக்காராம். கேட்டா நாளைக்கி நாளைக்கிங்கானாம். எந்தத் தடியன் கையில கெடக்கோ."

அந்தக் கடைக்காரர் நாலைந்து மில்லுகளின் போர்டுகளைச் சேர்த்து எனக்கு அனுப்புகிறவர். எந்த மில்லுடையது என்று எழுத மாட்டார், வெறும் நம்பர்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்றின் முகப்பில் தண்ணீர்ச் சொட்டுப் படம் போட்டிருந்தது. ஈரப்பதம் பார்க்கிற பெட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. அதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அலமாரியில் மேல்தட்டில் ஏற்றினேன். அன்றைக்குத்தான் நான் துணிக் கிளிப்பை உருவினேன்.

"என்ன, பேச்சையே காணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

ராஜபாளையத்திலிருந்து வீடு வந்து சேரும்வரை நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இவளுக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியைச் சரிசெய்து கடைக்காரரிடம் கொடுத்துவிட்டால் போதும். ஈரக் காற்று வரும், பஞ்சு சுற்றாது, கதை முடிந்தது. தடியன் யார் என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. இப்படி யோசித்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன்.

வீட்டில் அவள் தலைத்துணியை அவிழ்த்துப் பின்வாசலில் உதறினாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. மூஞ்சியைக் கழுவிவிட்டு வந்தாள். நான் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து, அவள் முன்னால் மேசையில் வைத்தேன்.

"அந்தத் தடியன் நான்தான்" என்றேன்.

அவள் தண்ணீர்ச் சொட்டுப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"மூணு வாரமாச்சு."

"இம்புட்டு நாளும் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீக?"

மேசையில் பித்தளைக் குச்சிகள் வரிசையாக நின்றன. "கிளாம்பு" என்றேன்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நான் பெட்டியைத் திறந்து, போர்டை எடுத்து, நான்கு குச்சிக்கு நடுவில் நிறுத்தினேன். ஒரு கெப்பாசிட்டர் உப்பிக்கிடந்தது, ஒரு ரிலே கருகிக்கிடந்தது. இரண்டையும் மாற்றிக் கரண்ட் கொடுத்தேன். விளக்கு எரிந்தது, ரிலே டக்கென்று இழுத்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"காலையில கூடையில எடுத்துட்டுப் போறேன்" என்று எழுந்தாள். "சாப்புட வாங்க. மத்தியானமும் திங்காமத்தான வந்தீக?"

தட்டை வைத்துச் சோறு போட்டாள். கரண்டியைப் பிடித்திருந்த கையில் நடுவிரல் நகம் பாதிக்குமேல் கறுத்திருந்தது. நகத்தைச் சுற்றிச் சதை வீங்கியிருந்தது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"செவ்வாக்கெழம. லேசாத்தான் புடிச்சுச்சு, இழுத்துட்டேன். நகந்தான, வளந்துரும்."

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் தகட்டுக்கு இரண்டாம் பூச்சுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக அதே கையால்தான் அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். குழம்பு ஊற்றினாள். என்னால் பிசைய முடியவில்லை.